பொறி வைக்கக் கற்ற மனிதரும், பாடம் படித்த கயோட்டியும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள். நடுவில் அலுப்புத் தட்டினால் நிறுத்திவிட்டு மாலையில் தொடரலாம். தேர்வு வைக்க மாட்டேன்.

1930இல் அமெரிக்க அரசின் விவசாயத் துறை சில பக்கங்களே கொண்ட ஒரு துண்டு வெளியீட்டை அச்சிட்டது. கயோட்டியையும் ஓநாயையும் பொறி வைத்துப் பிடிப்பதற்கான குறிப்புகள் என்பது அதன் பொருள். எழுதியவர் ஸ்டான்லி யங். அரசின் உயிரியல் ஆய்வுத் துறையில் கொன்றுண்ணி விலங்குகளை ஒழிக்கும் பிரிவில் பெரிய பொறுப்பில் இருந்தவர். இரும்புப் பொறியைக் கையில் எடுத்தே பார்க்காத ஒரு பண்ணைக்காரனை உட்கார வைத்துப் பாடம் நடத்துவதற்காக எழுதியது. ஒரு நாட்டின் அரசு தன் குடிமக்களுக்கு நரி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததா என்று வியப்பாக இருக்கலாம். கற்றுக்கொடுத்தது. அதற்கு முன்னும் பின்னுமாக ஒன்றரை நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

முதலில் விலங்கைத் தெரிந்துகொள்வோம். கயோட்டி நம்மூர்க் குள்ளநரிக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. நாய், ஓநாய், குள்ளநரி எல்லாம் அடங்கிய அதே இனவகை. எடை பத்துப் பதினைந்து கிலோ. பழுப்பும் சாம்பலும் கலந்த மயிர், கூர்மையான மூஞ்சி, புசுபுசுவென்று தொங்கும் வால். எலி, முயல், பழம், செத்த மாடு, குப்பைத்தொட்டி என்று எதையும் தின்னும். ஆட்டுக்குட்டியையும் தின்னும். வம்பு அங்கேதான் தொடங்கியது.

கயோட்டி என்ற பெயர் மெக்சிகோவின் நஹுவாட்டில் மொழியிலிருந்து வந்தது. அஸ்டெக் மக்களுக்கு 'கிழட்டுக் கயோட்டி' என்ற பொருளில் ஒரு தெய்வமே உண்டு. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் குறும்புக்கும் உரிய தெய்வம். மெக்சிகோ நகரின் கொயோவகான் பகுதிக்குக் கயோட்டிகளின் இடம் என்று அர்த்தம். வட அமெரிக்கப் பழங்குடியினர் பலரின் கதைகளில் உலகத்தைப் படைக்கத் துணை நிற்பதும் கயோட்டிதான், பேராசையால் மாட்டிக்கொண்டு விழிப்பதும் அதுதான். நம் பாட்டிமார் சொன்ன நரிக்கதைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் நரி தந்திரக்காரன் மட்டும்தான். அங்கே அது பாதி சாமி.

கிழக்கிலிருந்து வந்த வெள்ளையருக்கு இந்த விலங்கே தெரியாது. 1804இல் லூயிஸ், கிளார்க் பயணக்குழு மிசௌரி ஆற்றோரம் ஒன்றைச் சுட்டு, புல்வெளி ஓநாய் என்று எழுதி வைத்தது. 1823இல் தாமஸ் சே என்ற இயற்கை அறிஞர் அதற்குக் குரைக்கும் நாய் என்ற பொருளில் லத்தீன் பெயர் சூட்டினார். பெயர் வைத்த கையோடு ஒழிக்கும் வேலையும் தொடங்கிவிட்டது.

அதற்கான கருவி எங்கிருந்து வந்தது என்பது வகுப்பில் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்காத கதை. நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்ற இடத்தில் 1848இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் என்பவர் ஒரு சமயக் கூட்டு வாழ்க்கையைத் தொடங்கினார். பூமியிலேயே பாவமில்லாமல் வாழலாம் என்பது அவர்கள் கொள்கை. சொத்து எல்லாருக்கும் பொது. திருமணமும் எல்லாருக்கும் பொது. (உறவுக்காரப் பெரியவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள்.) இவர்களோடு வந்து சேர்ந்தவர் சூவல் நியூஹவுஸ் என்ற வேட்டைக்காரர். இரும்பு வேலையில் கெட்டிக்காரர், கையாலேயே கால்பொறி செய்து அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தவர். தொடக்கத்தில் கூட்டத்தார் வயிற்றுப்பாட்டுக்குத் திண்டாடினார்கள். நியூஹவுஸின் பொறியை இயந்திரம் வைத்துச் செய்து விற்க ஆரம்பித்ததும் வருமானம் கொட்டியது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பொறிகள். கனடாவின் ஹட்சன் விரிகுடா கம்பெனிகூட வாங்கியது. பொறிக்கு வேண்டிய சங்கிலிக் கண்ணிகளை அந்தக் குடியிருப்பின் சிறுவர்கள் கோத்தார்கள். பாவமற்ற வாழ்வைத் தேடிய கூட்டம் உலகத்துக்கு விலங்குப் பொறி செய்து கொடுத்துச் சோறு தின்றது! 1881இல் கூட்டு வாழ்க்கை கலைந்து பங்கு நிறுவனமாக மாறியது. இன்று அந்த ஒனைடா பெயரை ஸ்பூன், முட்கரண்டிகளில் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சமையலறை இழுப்பறையைத் திறந்து பாருங்கள், இருந்தாலும் இருக்கும்.

1865இல் அவர்களே நியூஹவுஸ் பெயரில் ஒரு பொறிக்காரர் வழிகாட்டி நூலையும் வெளியிட்டார்கள். சரக்கை விற்பவனே அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பாடப்புத்தகமும் போட்டான். நல்ல வியாபாரி. அதன்பின் ஓஹையோ மாநிலத்தில் ஏ. ஆர். ஹார்டிங் என்பவர் இந்தத் தொழிலுக்கென்றே பத்திரிகையும் புத்தக வரிசையும் நடத்தினார். 1909இல் அவர் வெளியிட்ட ஓநாய், கயோட்டி பொறி நூலில் பண்ணைக்காரர்களும் பொறிக்காரர்களும் எழுதிய அனுபவங்கள் நிறைய. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பக்கத்துக் காட்டுக்காரரிடமிருந்து புதியவனுக்கு என்று வாய்வழியாக வந்த வித்தை அச்சுக்கு ஏறிய காலம் அது.

சரி, கற்றுக்கொள்ள அப்படி என்னதான் இருந்தது? பொறி எளிய சாமான். இரண்டு இரும்புத் தாடை, அவற்றை இழுத்துப் பிடிக்கும் வில், நடுவில் ஒரு மிதிதட்டு, தரையில் அறைந்த முளையோடு பிணைக்கச் சங்கிலி. மிதித்தால் தாடை மூடிக் காலைக் கவ்வும். கடையில் வாங்கி அன்றைக்கே வைத்துவிடலாம். ஆனால் அப்படி வைத்தவனுக்கு ஒன்றும் கிடைக்காது. கயோட்டியின் மூக்கு அப்படி. புது இரும்பின் வாடை, எண்ணெய் வாடை, கைவாடை எதையும் தூரத்திலிருந்தே பிடித்துவிடும். ஆகவே முதல் பாடம், வாடை போக்குவது. மரப்பட்டையோ வாதுமை ஓடோ போட்டு ஊறிய நீரில் பொறியைக் கொதிக்க வைப்பார்கள். இரும்பு கறுத்து, துருவும் பிடிக்காது. பிறகு கையுறை இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பொறி வைக்கும் இடத்தில் தரையில் ஒரு துணியை விரித்து அதன்மேல்தான் முழங்காலிட வேண்டும். தோண்டிய மண்ணையும் அந்தத் துணியிலேயே கொட்டி, மிச்சத்தைத் தூர எடுத்துப்போய்ப் போட வேண்டும். புது மண் மேலே சிதறிக் கிடந்தால் விலங்கு கண்டுகொள்ளும்.

இரண்டாவது பாடம் இடம். கயோட்டி காட்டில் கண்டபடி அலைவதில்லை. மாட்டுத் தடம், ஓடைக்கரை, வேலியோரம், மேட்டு முகடு என்று அதற்கும் பாதை உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாடை பாதையை நோக்கிப் போகும்படி பொறியை வைக்க வேண்டும்.

மூன்றாவது பாடம்தான் எனக்குப் பெரிதாகப்படுவது. கயோட்டி மாதிரியே யோசிப்பது. நாய் இனம் மிஞ்சிய இரையைக் குழி தோண்டிப் புதைத்து வைக்கும். நம் தெருநாய் எலும்பைப் புதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே பொறிக்காரன் சாய்வாக ஒரு சிறு குழி தோண்டி, அடியில் நாற்றமடிக்கும் இறைச்சித் துண்டை வைப்பான். வேறு யாரோ புதைத்துவைத்த சோற்றைத் திருட வரும் கயோட்டி, குழியின் முன்னால் எங்கே நிற்குமோ அங்கே பொறி. மேலே சல்லடையில் சலித்த மண் ஒரு விரல் கனத்துக்கும் குறைவாக. சிறு கல் ஒன்று தட்டின் அடியில் புகுந்தாலும் பொறி விழாது. அதனால் தட்டின் மேல் ஒரு துண்டுத் துணியைப் போட்டு மண்ணை மூடுவார்கள். இன்னொரு முறை, எல்லைக் குறி. நாய் கம்பத்தைக் கண்டால் காலைத் தூக்குகிறதே, அதேபோல் கயோட்டியும் தன் எல்லையில் புதர்களிலும் கல்லிலும் சிறுநீர் விட்டு அடையாளம் வைக்கும். வேற்றுக் கயோட்டியின் சிறுநீரை ஒரு புதரில் தெளித்துவிட்டால், யாரடா அவன் என்று பார்க்க உள்ளூர்க் கயோட்டி வந்தே தீரும்.

பசியையும், திருட்டு ஆசையையும், தன் இடத்தின் மீதான உரிமையையும் படித்து வைத்துக்கொண்டு ஓர் உயிரை வீழ்த்துவது. படிக்கும்போது எனக்கு வியப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. இரண்டையும் மறைக்க விரும்பவில்லை. காலைக் கவ்விய பொறியோடு ஓர் இரவும் ஒரு பகலும், சில சமயம் அதற்கு மேலும் அந்த விலங்கு கிடந்தது. பெரிய பண்ணைகளில் பல மைல் நீளத்துக்குப் பொறி வைத்தவர் எல்லாவற்றையும் தினமும் போய்ப் பார்த்துவிடவில்லை.

அதே நேரம் அந்த ஆட்டுக்காரனையும் மறந்துவிடக் கூடாது. ஆட்டு மந்தையே சொத்து என்று இருப்பவனுக்குக் குட்டி போடும் பருவத்தில் இரவுக்கு ஒன்றிரண்டு போனால் வருஷத்து வருமானமே போச்சு. நம் கீதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள், நரியைப் பற்றி அன்பாகப் பேச மாட்டார்கள்.

ஆட்டுக்காரர்கள், மாட்டுப் பண்ணைக்காரர்களின் குரல் வாஷிங்டனில் ஏறியது. முதலில் மாநிலங்கள் தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் கொடுத்துப் பார்த்தன. காதையோ மேல்தோலையோ கொண்டுவந்து காட்டினால் பணம். என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். அடுத்த வருஷமும் குட்டி வேண்டுமே என்று பெட்டைகளை விட்டுவிட்டவர்களும் உண்டு, ஒரு மாவட்டத்துத் தோலை இன்னொரு மாவட்டத்தில் காட்டியவர்களும் உண்டு. கடைசியில் 1915இல் காங்கிரஸ் 1,25,000 டாலர் ஒதுக்கியது. சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை அரசே வைத்துக்கொண்டது. 1931இல் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு வந்ததுதான் நான் தொடக்கத்தில் சொன்ன யங்கின் துண்டு வெளியீடு.

பொறி மட்டும் இல்லை, விஷமும் உண்டு. இங்கே நம் ஊருக்கு ஒரு தொடர்பு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் புல்வெளிகளில் செத்த எருமையின் இறைச்சியில் தடவி ஓநாய்க்கும் கயோட்டிக்கும் வைத்த விஷம் ஸ்ட்ரிக்னைன். 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது. அதற்கு முக்கியமான மூலம் எது தெரியுமா? நம் எட்டிமரத்தின் கொட்டை. எட்டி பழுத்தென்ன என்று நாம் பழமொழி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து எட்டிக்கொட்டை கப்பலேறிக்கொண்டிருந்தது. அந்த விஷ இறைச்சியைத் தின்று கழுகு, நரி, நாய், காகம் எல்லாம் செத்தன. பொறியாவது மிதித்த ஒன்றைத்தான் பிடிக்கும்.

1915இலிருந்து 1947 வரை அரசு ஆட்கள் கொன்றதாகக் கணக்கில் ஏறிய கயோட்டிகள் மட்டும் சுமார் 19 லட்சம். பண்ணைக்காரர்கள் தாமே கொன்றது இந்தக் கணக்கில் இல்லை. இவ்வளவுக்கும் பிறகு கயோட்டி அழிந்ததா?

ஓநாய் அழிந்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில்கூட 1926க்குள் ஓநாய்கள் தீர்ந்தன. கயோட்டியோ பெருகியது. மேற்கே புல்வெளியிலும் பாலைவனத்திலும் இருந்த விலங்கு வடக்கே அலாஸ்கா, கிழக்கே நியூயார்க், தெற்கே பனாமா வரை பரவியது. 1980களில் கடல் பனிக்கட்டி மேல் நடந்து நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கே போய்விட்டது. இன்று ஹவாய் தவிர எல்லா அமெரிக்க மாநிலங்களிலும் உண்டு. சிகாகோ நகரத்துக்குள் வாழும் கயோட்டிகளை 2000இலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

காரணம் ஒன்றல்ல. கயோட்டியை அடக்கி வைத்த ஓநாயை மனிதனே அகற்றிக் கொடுத்தான். காட்டை வெட்டி வயலாக்கிக் கொடுத்தான். இன்னொரு காரணம் கயோட்டிக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. தொந்தரவில்லாத கூட்டத்தில் பெரும்பாலும் தலைமை ஜோடி மட்டுமே குட்டி போடும். மற்றவை வளர்ப்புக்கு உதவும். தலைமை ஜோடியைப் பிடித்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு போய், இளம் பெட்டைகளும் குட்டி போடத் தொடங்கும். கூட்டம் மெலிந்தால் இரை தாராளம். ஈற்றுக்குக் குட்டிகளும் கூடும், பிழைப்பவையும் கூடும். 1972இல் டெக்சஸ் ஆய்வு ஒன்றை வெளியிட்ட நோல்டன் இதைக் காட்டினார். 1975இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கயோட்டியைக் கொன்றால்கூட ஒழிக்க அரை நூற்றாண்டு ஆகும்.

பொறியில் கால் விரலை இழந்து தப்பியது மறுபடி மிதிக்காது. பழகிய கயோட்டி பொறியைச் சுற்றித் தோண்டி அதை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுப் போனதைப் பொறிக்காரர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பல பொறிக்காரர்கள் கயோட்டியைப் பற்றி மரியாதையோடு எழுதுவது இதனால்தானோ என்னவோ.

இந்தத் துறைக்குள்ளேயே மனம் மாறியவர்களும், ஆதாரத்தைத் தேடியவர்களும் இருந்தார்கள். வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இது. முரீ சகோதரர்களைப் பாருங்கள். அண்ணன் ஓலஸ் முரீ உயிரியல் ஆய்வுத் துறை ஊழியர். வையோமிங்கில் கயோட்டி என்ன தின்கிறது என்று ஆராய்ந்து 1935இல் அறிக்கை கொடுத்தார். தம்பி அடால்ஃப் முரீ யெல்லோஸ்டோனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கயோட்டி எச்சங்களைப் பொறுக்கி, பிரித்து, எண்ணினார். 1940இல் நூலாக வந்தது. பெரும்பகுதி எலி வகைகள், வெட்டுக்கிளிகள். மான் கூட்டம் குறைவதற்குக் கயோட்டி காரணமில்லை என்றார். அலுவலகத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எச்சம் பொய் சொல்லாதே! சலிப்பில்லாமல் ஐயாயிரம் எச்சத்தைக் கிளறிய மனிதரை நினைத்தால், இரண்டு பக்கம் செய்முறை நோட்டு எழுத மூக்கால் அழுத சிலரின் முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வெர்னன் பெய்லி இன்னொருவர். அதே துறையின் மூத்த இயற்கை ஆய்வாளர். ஓநாய்களைப் பற்றி 1907இல் அரசு அறிக்கை எழுதி, குட்டிகளைக் குகையிலேயே தேடிக் கொல்வது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தவர். பிற்காலத்தில் இவரே எலும்பை முறிக்காமல் பிடிக்கும் பொறிகளை வடிவமைப்பதில் இறங்கினார். நீர்நாயைப் போன்ற பீவரை உயிரோடு பிடித்து வேறிடம் கொண்டுபோய் விட ஒன்று. இரும்புத் தாடைக்குப் பதில் சங்கிலி வளையம் காலைச் சுற்றிக்கொள்ளும் ஒன்று. பறவைகளைப் பற்றி நூல்கள் எழுதிய ஃபுளோரன்ஸ் இவர் மனைவி.

1964இல் ஸ்டார்க்கர் லியோபோல்ட் தலைமையிலான குழு, அரசின் விலங்கொழிப்பு அளவுக்கு மீறியது என்று அறிக்கை தந்தது. இவர், இளம் வயதில் ஓநாயைச் சுட்டுவிட்டுப் பின்னாளில் அதற்காக வருந்தி எழுதிய ஆல்டோ லியோபோல்டின் மகன். 1972 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் நிக்சன் அரசு நிலங்களில் கொன்றுண்ணிகளுக்கு விஷம் வைப்பதைத் தடை செய்தார். பத்து ஆண்டு கழித்து ரீகன் அந்த ஆணையை விலக்கினார். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972தான். அந்தச் சட்டப்படி கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் வேட்டைதான்.

அமெரிக்காவில் பொறி இன்னும் இருக்கிறது. அங்கே இருக்கும் பழைய மாணவர் ஒருவர், புதியவர்களுக்குப் பொறி வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகிறார்கள் சார், நம்பவே முடியவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். பல மாநிலங்களில் அந்த வகுப்பை முடித்தால்தான் புதியவருக்கு உரிமம். பழைய வித்தையோடு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பொறியைப் போய்ப் பார்க்க வேண்டும், வளர்ப்பு நாய் மாட்டினால் எப்படி விடுவிப்பது, தாடைகளுக்கிடையே இடைவெளி விட்ட பொறி எது, கால் முறுகாமல் சங்கிலியில் சுழலி எங்கே வைப்பது என்பதெல்லாம் பாடம். நியூஹவுஸ் காலத்துப் புத்தகத்தில் இந்த அக்கறையைத் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பல் வைத்த கால்பொறிக்கு 1958இலேயே தடை வந்தது. 1996இல் கொலராடோவும் மாசசூசெட்சும், 1998இல் கலிஃபோர்னியாவும் மக்கள் வாக்கெடுப்பிலேயே கால்பொறிக்குக் கடிவாளம் போட்டன. 2019இல் கலிஃபோர்னியா தோல் வியாபாரத்துக்காகப் பொறி வைப்பதையே நிறுத்தியது. ஆனாலும் மத்திய அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு 60 ஆயிரத்தை ஒட்டிக் கயோட்டிகளைக் கொன்றிருக்கிறது.

1942இல் அமெரிக்காவில் சுமார் 5.6 கோடி ஆடுகள். இன்று சுமார் 50 லட்சம். கயோட்டி தின்று தீர்க்கவில்லை. செயற்கை நூல் வந்து கம்பளிக்கு மவுசு போனதும், மேய்க்க ஆள் கிடைக்காததும், சனங்கள் ஆட்டிறைச்சியைக் குறைத்துக்கொண்டதும்தான் முக்கியக் காரணங்கள். மிஞ்சியிருக்கும் ஆட்டுக்காரர்களில் பலர் இப்போது பெரிய காவல் நாய்களை மந்தையோடு விடுகிறார்கள். ஐரோப்பாவிலும் துருக்கியிலும் மேய்ப்பர்கள் காலங்காலமாக வைத்திருந்த நாய் வகைகள். 1970களின் இறுதியில்தான் அமெரிக்கா அவற்றைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளரும். கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் 2000 வாக்கில் அரசுப் பொறிக்காரரை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை நாய்க்கும் வேலிக்கும் ஆட்டுக்காரர்களுக்கே கொடுத்தார்கள். யெல்லோஸ்டோனில் 1995இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதும், லாமர் பள்ளத்தாக்கில் கயோட்டிகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பாதியாகக் குறைந்தது.